பல்லைப் பிடித்துக்கொண்டு வந்த காளி

இது நடந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, மலாக்கா மாநிலத்தில் சிம்பாங் அம்பாட் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலில் திருவிழா. அன்றைக்கு அந்தக் கோயிலில் கொஞ்ச நேரம் நான் அம்மனாக இருந்தேன். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

கோயிலில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் உங்களுக்கும் எனக்குச் சாமி வந்ததாகத்தான் தோன்றும்.

நான் புக்கிட் காத்திலில் குடியிருப்பவள். மலாக்கா டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. என் வீட்டுக்காரர் ஏர்கோன் பழுதுபார்ப்பவர். நல்ல மனிதர், ஆனால் உலகத்தில் எந்தக் கோளாறாக இருந்தாலும் அதை மீட்டர் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர். எனக்கு வந்த கோளாறோ மீட்டருக்கு அகப்படாத ரகம்.

ஒருநாள் காலை வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். இடது முழங்காலுக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் மெல்ல வழிந்து பாதத்துக்கு இறங்கியது. குனிந்து பார்த்தால் கால் காய்ந்து கிடக்கிறது. கையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன், மறுபடியும் வழிந்தது. "என்னங்க, எங்கயோ தண்ணி ஒழுகுதுங்க" என்று கூப்பிட்டேன். ஒழுகுகிறது என்ற வார்த்தை அவருக்குத் தொழில் சம்பந்தப்பட்டது. உடனே ஏணி வந்தது. கூரைப் பலகையைத் தட்டிப் பார்த்தார், சிங்க்குக்கு அடியில் படுத்துப் பார்த்தார், குழாயைத் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தது. கடைசியில் என் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "லீக் எதுவும் இல்லலா. உனக்குத்தான் அப்படித் தோணுது" என்று ஏணியை மடக்கினார். அவரைப் பொறுத்தவரை அத்தோடு கேஸ் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அடுத்த வாரம் வலது தொடையில் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. கைப்பேசி மேசைமேல் இருக்கும், தொடை மட்டும் அதிரும். கடையில் கண்ணாடி பார்க்க வந்தவர்களிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு என் தொடைக்குப் பதில் சொல்ல ஓடுவேன். ரவிக்கையின் கழுத்துப் பட்டி மணல்தாள் மாதிரி உரசும். எறும்பு ஊரும், எறும்பு இருக்காது. சில நாள் தலையணை பட்டாலே காது வலிக்கும். சில நாள் உள்ளங்கால் மட்டும் நல்ல வெயிலில் தார்ரோட்டில் நிற்கிற மாதிரி எரியும், நான் ஏர்கோன் அறையில் உட்கார்ந்திருப்பேன்.

எல்லாவற்றையும் மிஞ்சியது பல். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் அப்படி ஒரு குத்தல். பல் டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது தன்னுடைய பல்லைவிட நல்ல பல் என்றார். நம்பாமல் இன்னொருவரிடம் போய், "புடுங்கிடுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். அவரும் மாட்டேன் என்றுவிட்டார். வலிக்கிற பல்லைப் பிடுங்க இந்த ஊரில் ஒருவர்கூட இல்லையா என்று அந்தக் கிளினிக் வாசலில் நின்று கண்ணீர் விட்டவள் நான்.

இடது கை குடைந்தபோது நெஞ்சுவலி என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், இதயத்தைப் படம் வரைந்தார்கள், முதுகெலும்பைப் படம் பிடித்தார்கள். எல்லாம் நார்மல். அந்தக் காலத்தில் என் பெயரைவிட அதிகமாக நான் கேட்ட வார்த்தை 'நார்மல்'தான். ஒவ்வொரு நார்மலுக்கும் வீட்டில் என் மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "மனசுதான். ரொம்ப யோசிக்காத" என்பார் வீட்டுக்காரர். அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு அந்த அளவு பொறுமையும் கிடையாது. "நல்லா குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சா நரம்பு தானா எடத்துல வந்து உக்காரும்" என்பார்.

கடைசியில் வாத நோய்களைப் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். மலாய்க்காரப் பெண்மணி, சின்ன வயசுதான். நான் சொன்ன கதையெல்லாம் கேட்டுவிட்டு, என் பின்னால் வந்து வலது தோளில் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "அய்யோ, பல்லு!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். தோளை அழுத்தினால் பல் கத்துகிறது! அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்கவேண்டுமே. ஃபைப்ரோமயால்ஜியா என்றார். எந்தக் கம்பியும் அறுந்து போகவில்லை, ஆனால் செய்தியை வாங்குகிற மூளை எல்லாவற்றையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் கேட்கிறது என்றார். வலி ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் போய்த் தெரிவதும் உண்டு என்றார். அதாவது புக்கிட் காத்திலில் கதவைத் தட்டினால் எங்கோ தள்ளியிருக்கும் உம்பாயில் யாரோ எழுந்து வந்து திறக்கிறார்கள். "வலி நிஜம். காயம்தான் இல்லை" என்று மலாயில் மெதுவாக, நான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

வியாதி கிடைத்த சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, "எங்க பிரச்சினைன்னு எதிலயாவது தெரியுதாமா?" என்றார்.

"தெரியாதாம்."

"ஆ... அப்புறம் எப்படி?" என்று டிவியைப் போட்டுவிட்டார். அண்ணி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இவ்ளோ நீளமா பேர் வச்சிருக்காங்கன்னா, டாக்டருக்கே என்னன்னு தெரியலன்னு அர்த்தம்லா."

அன்றைக்கு நான் டிவிக்கு முன்னால் நின்று அழுதேன். மாத்திரை கொடுத்திருந்தார்கள், மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார்கள், அதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எனக்கு வலிக்கிறது என்பதை இந்த வீட்டில் ஓர் ஆள் நம்பவேண்டும். உடம்பு வலியோடு, நடிக்கவில்லை என்று நிரூபிக்கிற வேலையையும் சேர்த்துப் பார்க்க என்னிடம் தெம்பு இல்லை.

அப்படிப்பட்ட நிலைமையில்தான் அந்தத் திருவிழா வந்தது. அண்ணி வீடு சிம்பாங் அம்பாட்டில். கோயில் மாதர் பகுதிக்கு அவர்தான் தலைவி. போகாவிட்டால் அடுத்த ஆடி வரை அதையே பேசுவார். "உறுமி சத்தம் எனக்கு ஆகாதுங்க" என்று காரில் சொல்லிப் பார்த்தேன். சத்தம் எனக்குக் காதில் மட்டும் கேட்பதில்லை, தோல் முழுக்கக் கேட்கும். "பஞ்சு வச்சுக்க" என்றார் வீட்டுக்காரர்.

போய் இறங்கியதும் அவர் கார் நிறுத்த இடம் தேடிப் போனார். நான் பந்தல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்ணால் பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் அண்ணி வந்து கையில் ஒரு செம்பைக் கொடுத்தார். மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை மிதந்தது. பால்குடம் எடுத்து வருகிற பெண்கள் வெயிலில் வெறுங்காலோடு நடந்து வருவார்கள், வாசலில் அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றவேண்டும். "அண்ணி, குனிய முடியல..." என்றேன். "குனிஞ்சாதான் சரியாகும்" என்றார்.

ஊர்வலம் வந்தது. முன்னால் உறுமி மேளக் குழு. ஒரே நிறச் சட்டை போட்ட இளவட்டங்கள், ஒவ்வொருவரும் மேளத்தோடு ஜென்மப் பகை மாதிரி அடித்துக்கொண்டு வந்தார்கள். என் பற்கள் ஒவ்வொன்றாகத் தாளம் போட ஆரம்பித்தன. முதல் பெண்ணின் காலில் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். பிடரியில் ஒரு மின்னல். அது தோள் வழியாக முழங்கை வரைக்கும் பளீரென்று ஓடியது. கை தானாக மேலே எகிறியது. செம்பு பறந்தது. மஞ்சள் தண்ணீர் முழுவதும் என் தலையிலேயே கொட்டியது. கொண்டை அவிழ்ந்து கூந்தல் முகத்தில் விழுந்தது. அதுவரை நான் என் வாழ்க்கையில் எழுப்பியிராத ஒரு சத்தம் வாயிலிருந்து வந்தது.

நம் ஆட்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஈரத் தலை, விரிந்த கூந்தல், வேப்பிலை வேறு காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "சாமி வந்திருச்சு!" என்று யாரோ ஒரு பெண் குலவை போட்டாள்.

சாமி வந்தால் உறுமிக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அதுதான் அவர்கள் தொழில். ஊர்வலத்தை விட்டுவிட்டு என்னைச் சுற்றி வளைத்து, அடியை ஒரு பிடி ஏற்றினார்கள். அவர்கள் அடிக்க அடிக்க எனக்கு மின்னல் வெட்டியது. மின்னல் வெட்ட வெட்ட நான் துள்ளினேன். நான் துள்ளத் துள்ள அவர்களுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. யாராவது ஒருவர் நிறுத்தினால்தான் உண்டு, இரண்டு பக்கமும் நிறுத்துகிற மாதிரி இல்லை.

பூசாரி தட்டோடு ஓடி வந்தார். வயதானவர், பயபக்தியோடு குனிந்து கேட்டார். "யாரு தாயே வந்திருக்கே?"

"நான் யாரும் இல்லைங்க!"

"பேரைச் சொல்ல மாட்டேங்கிறா" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். "எங்கேருந்து வர்றே தாயே?"

"புக்கிட் காத்தில்!"

புக்கிட் என்றால் மலாயில் குன்று. "குன்றிலேர்ந்து எறங்கி வந்திருக்கா!" என்றார் பூசாரி. எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கிற பெரிய மேடு, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வேகத்தடைதான். அதை விளக்குகிற நிலையில் நான் இல்லை.

"ஒனக்கு என்னம்மா வேணும்? கேளு!"

"மொதல்ல அந்த மேளத்த நிறுத்தச் சொல்லுங்க! உக்கார ஒரு நாற்காலி குடுங்க!"

மேளம் சட்டென்று நின்றது. நாற்காலி வந்தது, அதன்மேல் யாரோ மஞ்சள் துணியும் விரித்தார்கள். நான் திகைத்துப் போனேன். கல்யாண மண்டபத்தில் நாற்காலி கேட்டால், "இந்த வயசுல என்னாத்துக்கு உக்காரணும்?" என்று கேட்டவர்கள் இதே ஆட்கள். நானாகக் கேட்டபோது கிடைக்காத நாற்காலி, அம்மன் கேட்டதும் கிடைத்தது. இரண்டு பெண்கள் விசிற ஆரம்பித்தார்கள். இன்னொருவர் என் காலைக் கழுவினார். எரிந்துகொண்டிருந்த பாதத்துக்கு அது இதமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு எழுந்திருக்க மனசில்லை.

அதற்குள் பூசாரி திருநீறு பூச வந்தார். நான் சாய்ந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஒரு கையால் என் வலது தோளை இறுக்கிப் பிடித்தார். அவர் கட்டைவிரல் போய் உட்கார்ந்த இடம் அந்தப் பெண் டாக்டர் கண்டுபிடித்த அதே இடம். ஓர் இழைகூடத் தள்ளி இல்லை.

"பல்லு! பல்லு!" என்று வாயைப் பிளந்துகொண்டு அலறினேன்.

பக்கத்தில் நின்ற அண்ணி நடுங்கிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பல்ல காட்டுறா! காளிடா! காளியாத்தாவே வந்துட்டா!" இவ்வளவு காலமும் என்னைச் சோம்பேறி என்ற அண்ணி, எல்லார் முன்னிலையிலும் என் காலில் விழுந்தார். உறுமி மறுபடியும் ஆரம்பித்தது. நான் கையை வீசி, "வேணாம்!" என்று கத்தியபோது காளிக்கு என்ன கோபமோ என்று என் தோளை விடாத பூசாரியைத் தவிர எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். நல்லவேளை, மேளமும் அடங்கியது.

பிறகு குறி கேட்க வரிசை நின்றது. நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன், கால் மரத்துப் போயிருந்தது. முதலில் ஒரு அம்மா வந்து, மகன் கல்யாணமே வேண்டாம் என்கிறான் தாயே, என்ன காரணம் என்றார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? அவனையே கேளுங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அவனையே கேக்கணுமாம்! நான் ஒருநாளும் அவனக் கேட்டதே இல்லையே!" என்று அழுதுகொண்டே போனார். அடுத்து வந்த பெரியவர் லாட்டரி நம்பர் எழுதுகிறவர். குரலைத் தாழ்த்தி, "ஒரு நாலு நம்பர் குடு தாயே" என்றார். "என் போன் நம்பரே எனக்கு ஒழுங்கா ஞாபகம் இருக்காதுங்க" என்றேன். இந்த வியாதியில் அதுவும் ஒரு கூறு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாங்கள் எந்தக் காரில் வந்தோம் என்று அண்ணியிடம் விசாரித்துக்கொண்டு கார்கள் நிற்கிற பக்கம் நடந்தார்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் வந்தார். கையில் எனக்காக வாங்கிய சீராப் சர்பத், பிளாஸ்டிக் பையில் ஐஸ் மிதக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தால், மஞ்சள் துணி விரித்த நாற்காலியில் நனைந்த கூந்தலோடு பெண்டாட்டி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றிக் கற்பூரம் எரிகிறது.

"என்னங்க" என்றேன். அழுகை முட்டியது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். தோளில் இருந்த பூசாரி கையைப் பார்த்தார். எப்போதும் மெதுவாகப் பேசுகிற மனிதர், அன்றைக்குப் போட்ட சத்தத்தில் உறுமிக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். "ஐயா, கைய எடுங்க! அது சாமி இல்ல! அவளுக்கு வலிக்குது!"

"தம்பி, அம்மா எறங்கியிருக்கிற நேரத்துல அப்படிப் பேசக் கூடாது" என்றார் பூசாரி.

"ஐயா, அது வியாதிங்க. நெசமான வியாதி! தோள்பட்டைய அழுத்துனா அவளுக்குப் பல்லு வலிக்கும். சத்தம் கேட்டா தோல் வலிக்கும். தண்ணி இல்லாமயே காலு நனையும். டாக்டரே சொல்லியிருக்காங்க!"

நான் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். தோள், பல், சத்தம், தண்ணீர். ஒன்றையும் விடவில்லை. டிவி பார்த்துக்கொண்டே அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறார்!

அண்ணி விடுவாரா? எழுந்து நின்று, "ஏன்டா, போன வாரங்கூட நீதானே மனசுதான்னு சொன்னே? இப்ப வியாதிங்குற?" என்றார். பந்தலே என் வீட்டுக்காரர் வாயைப் பார்த்தது. ஒருபக்கம் பூசாரி, ஒருபக்கம் அக்கா, கையில் சொட்டுகிற சீராப் பை.

"சொன்னேன்" என்றார். "தப்பு. அவ சொன்னதுதான் சரி."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அது நரம்புக் கோளாறு இல்லை. நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். அதை அவர் வீட்டில் யாருமில்லாதபோது சொல்லாமல், ஒரு தோட்டத்து ஜனம் முழுவதும் கூடியிருக்கிற இடத்தில், சாமிக்கு எதிராகவே நின்று சொன்னார். வேடிக்கை என்னவென்றால் அங்கே ஒருவர்கூட அவரை நம்பவில்லை. "பாவம், பயந்துட்டாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சொன்னதை யாரும் நம்பாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவர் முகத்தில் அப்போதுதான் எழுதி ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வரிசையில் அடுத்து ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும், தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் அவள் புருஷன் கையில் தேங்காய்ப் பழத் தட்டு. அவள் என் முன்னால் மண்டியிட்டாள். எல்லோரும் தாயே என்றார்கள், அவள் மட்டும் என் முகத்துக்குக் கிட்டே வந்து மெதுவாக, "அக்கா" என்றாள். "அண்ணன் சொன்னது உண்மையாக்கா? அப்படி ஒரு வியாதி இருக்கா?"

நான் அவளைப் பார்த்தேன். இரண்டு தோளையும் காதுக்குத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.

"ஒனக்கு எங்கம்மா?"

"எங்கன்னு சொல்றதுக்கா? இடுப்புல அழுத்துனா முட்டியில குத்துது. முதுகுல யாரோ சாக்பீஸால எழுதுற மாதிரி இருக்கு. டெஸ்ட்டெல்லாம் நார்மல். வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறேன்னு சொல்றாங்க." புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டான்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நடிப்பு இல்லமா. நெசம். இதுக்குன்னு பெரிய ஆஸ்பத்திரில டாக்டர் இருக்காங்க. உங்க கிளினிக்ல கேட்டு லெட்டர் எழுதி வாங்கிக்கிட்டுப் போ. ஒடனே சரியாகாது, ஆனா ஒன்ன நம்புவாங்க. நான் சாமியா சொல்லல. நான் கண்ணாடிக் கடைல வேலை செய்றவ."

"முதுகுல எழுதுற மாதிரி இருக்கறது எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்கா."

"எழுதுறதோட விட்டுச்சே. எனக்குத் தொடையில போன் அடிக்குதுமா."

"போனா?"

"எடுக்கப் போனா கட் ஆயிடும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்காமல் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்து எனக்கும் பிடித்துக்கொண்டது. வருடக்கணக்கில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, தலைமுடி ஆட ஆடச் சிரித்தோம். அதைப் பார்த்துக் குலவை போடுகிற பெண், "இன்னொண்ணும் எறங்கிருச்சு!" என்று கூவ, உறுமிக்காரர்கள் குச்சியை ஓங்கிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சீராப் பையோடு நடுவில் பாய்ந்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "அடிக்காதீங்கலா! இவங்க ரெண்டு பேருக்கும் சத்தம் ஆகாது!" என்று மேளக்காரர்களை மறித்து நின்றார். பையிலிருந்த சீராப் முழுவதும் முதல் மேளத்தின் தோலில் கொட்டியது. அந்தப் பெண்ணின் புருஷன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. ஆனாலும் நின்றான்.

அதற்குப் பிறகு என்னை எழுப்பி, சன்னிதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று அம்மனிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பக் காரில் ஏறினோம். வழியில் அலோர் காஜா ஊரைத் தாண்டியதும் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இப்ப எங்கெல்லாம் வலிக்குது?" என்றார். அந்தக் கேள்வியை அவர் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. 'எங்கே' என்று மட்டும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், எதையாவது திறந்து பார்க்கிற நோக்கத்தோடு. நான் உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தேன். புக்கிட் காத்தில் வந்து சேரும்போது இடுப்புக்குத்தான் வந்திருந்தேன். அவர் காரை நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். "ம், அப்புறம்?" என்றார்.

அண்ணிக்கு இன்றைக்கும் அது காளிதான். என்னை அடுக்களையில் எந்த வேலைக்கும் கூப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் போன் செய்து, "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று மரியாதையாக விசாரிப்பார். என்னையா விசாரிக்கிறார், காளியையா என்று நான் குடைந்து கேட்பதில்லை. எப்படியோ விசாரிக்கிறாரே, போதும். நம்பர் எழுதுகிற பெரியவருக்கு எங்கள் கார் நம்பர் விழவில்லை என்றும், அதற்கு என் வீட்டுக்காரர் குறுக்கே பேசியதுதான் காரணம் என்றும் கேள்வி.

அந்தத் தொழிற்சாலைப் பெண் நான் சொன்ன மாதிரியே கிளினிக்கில் எழுதி வாங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூட அவள் புருஷனும் போனான். நாங்கள் இரண்டு பேரும் இப்போது அடிக்கடி பேசிக்கொள்கிறோம். எனக்கும் குணமாகிவிடவில்லை, அவளுக்கும் ஆகவில்லை. நல்ல நாளும் உண்டு, படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத நாளும் உண்டு. போனை எடுத்ததும் அவள் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதில்லை, "இன்னைக்கு எங்கக்கா?" என்றுதான் கேட்பாள். என் வலியில் ஒரு துளியைக்கூட யாராலும் வாங்கிக்கொள்ள முடியாது, ஆனால் நான் சொல்கிற பதிலை அப்படியே நம்புகிற ஆள் வீட்டில் ஒருவரும் போனில் ஒருத்தியும் இருக்கிறார்கள் என்பதால், இப்போதெல்லாம் வலியை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், அது என்னால் முடிகிறது.